ஒரு பக்கமே பார்க்கிற பிள்ளை

— …ஃபேனைக் கொஞ்சம் குறைங்கன்னா. குறைச்சேன். போதுமான்னு கேட்டேன். போதும்னா. அவ்வளவுதான் மேடம் அவ கடைசியா பேசினது.

— நான் கேட்டது அது இல்ல சார். குழந்தை கடைசியா எப்ப பால் குடிச்சான்னு கேட்டேன்.

— அதைத்தானே சொல்ல வர்றேன்.

— எங்க சொல்ல வர்றே? யாரு எதைக் கேட்டாலும் உனக்கு ஃபேன்ல இருந்துதான் ஆரம்பிக்குது தம்பி. நேத்து கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த ஆள் வீடு எந்த மாடின்னு கேட்டான். அவன்கிட்டயும் ஃபேன். நான் சொல்றேன் டாக்டரம்மா. காலையில குடிச்சான். குடிச்சதுல பாதி கழுத்து வழியா வழிஞ்சுது, மீதியைக் கக்கிட்டான்.

— நான் டாக்டர் இல்லம்மா, தெரபிஸ்ட். கைக்குழந்தைங்களுக்குக் கை, கால், கழுத்து, பால் குடிக்கிறது, இதெல்லாம் சரியா வரலைன்னா கூப்பிடுவாங்க. நீங்க இவனுக்கு?

— பெரியம்மா. செத்தவளுக்கு அக்கா.

— அக்கா, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

— வேற எப்படிச் சொல்ல? ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொல்லவா? கூடப் பிறந்தவ நான். எனக்கு இல்லாத துக்கமா உனக்கு?

— போட்டியா இப்ப? சரி, நீங்களே ஜெயிச்சதா வெச்சுக்கங்க. மேடம், கோவிச்சுக்காதீங்க, உங்களை நான் கூப்பிடலை. அக்கா எனக்குத் தெரியாம கூப்பிட்டிருக்காங்க. எந்த ஆஸ்பத்திரி நீங்க?

— இவன் பிறந்த அதே ஆஸ்பத்திரிதான்.

— அப்ப பையை எடுத்துக்கங்க. கதவு அங்க இருக்கு.

— தம்பி!

— என்ன தம்பி? கால் வீங்கிப் போச்சு, ஊன முடியலைன்னு அவ அழுதா. பிள்ளை பெத்தா கால் வலிக்கத்தான் செய்யும், நாலு நடை நடந்து பாரும்மான்னு அனுப்பி வெச்ச ஆஸ்பத்திரி அது. கால்ல கட்டின ரத்தம் நெஞ்சுக்கு ஏறும்னு அங்க ஒரு ஆளுக்குத் தோணலை. எல்லாம் முடிஞ்ச பிறகு என்னை உக்கார வெச்சுப் படம் வரைஞ்சு காட்டுறாங்க மேடம். அம்புக்குறி எல்லாம் போட்டு. எனக்கு! அந்த இடத்துல இருந்து ஒரு ஆள் வந்து என் பிள்ளையைத் தொடணுமா?

— இன்னும் தொடவே இல்லையே. வந்ததுல இருந்து இந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்.

— அவ கால் வலின்னு வந்தப்ப நீங்க அங்க இருந்தீங்களா?

— இல்ல. நான் வேற மாடி. இருந்திருந்தாலும் என்னை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அந்த ஆளைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்த முடிஞ்சா நிறுத்துவேன் சார். முடியாது. ஆனா நாளன்னைக்கு இவனுக்கு எடை பாக்கறாங்க. ஏறலைன்னா அட்மிட் பண்ணி, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் பால் கொடுப்பாங்க. அதே கட்டடம், அதே வாசல். அதுக்குள்ள வாயால குடிக்க வைக்க முடியுமான்னு பாக்கத்தான் வந்தேன். போகச் சொன்னா போறேன்.

— குழாய் போட விட மாட்டேன்.

— அப்ப குடிக்க வைங்க.

— வெச்சுட்டுதானே இருக்கேன்! ராத்திரி பகல் பாக்காம வேற என்ன வேலை எனக்கு? வேலைக்குப் போயி எத்தனை நாளாச்சு தெரியுமா? நாலு கட்டடத்துல லிஃப்ட் நின்னு போயி ஜனங்க படியேறிட்டு என்னைத் திட்டிட்டு இருக்காங்க.

— எப்படிக் குடிக்க வைக்கிறீங்கன்னு காட்டுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

— காட்டு தம்பி. பாட்டில் நான் கொண்டு வர்றேன். நல்லா கேளு, இவங்க கண்ணால பாக்கட்டும். அப்புறம் விரட்டறதா இருந்தா சேர்ந்தே விரட்டுவோம்.

— …வாடா முதலாளி.

— முதலாளியா?

— அவ வெச்ச பேரு. மணியடிச்சா ரெண்டு பேரும் ஓடி வந்து நிக்கணும், சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, அப்ப முதலாளி தானேன்னு சொல்லுவா.

— பொருத்தமான பேரு. எங்க தூக்கிட்டுப் போறீங்க?

— கட்டிலுக்கு. அங்க படுத்தாத்தான் குடிப்பான்.

— மல்லாக்கவா?

— வாயைத் திறக்க மாட்டேன்னீங்க.

— சரி, மூடிட்டேன். …ஒரு நிமிஷம். அந்தப் பக்கம் சுவர் ஓரமா என்ன சுருட்டி வெச்சிருக்கு?

— அவ நைட்டி. துவைக்கலை. அவ வாசனை இருக்கு அதுல. அவன் அதைப் பாத்துட்டே குடிப்பான்.

— அதை எடுங்க.

— அதுல கை வெச்சீங்க, மரியாதை கெட்டுடும் மேடம்.

— என் மரியாதை எனக்கு முக்கியமில்ல சார். அவன் மூக்குக்குப் பக்கத்துல துணிச் சுருள் கிடக்கு. கழுத்தைத் திருப்பி ஒதுங்கத் தெரியாத பிள்ளை. சரிஞ்சு முகத்துல விழுந்தா கையால தள்ளத் தெரியாது, கத்தக்கூட வராது. இன்னும் எத்தனை பேரை இந்தக் கட்டில்ல இருந்து தூக்கப் போறீங்க?

— தம்பி, எடுத்துடு. நான் சொன்னா நீ என் மேல எரிஞ்சு விழுவேன்னுதான் தினமும் வாயை மூடிட்டு இருக்கேன்.

— எடுத்துட்டேன். திருப்தியா?

— கீழ போடாதீங்க. உங்க தோள் மேல போட்டுக்கங்க. அவன் முழிச்சிருக்கும்போது, உங்க தோள்ல, தாராளமா இருக்கட்டும். தூங்கற இடத்துல ஒரு துணி கூடாது, தலையணை கூடாது, பொம்மை கூடாது, சரியா? இப்ப பால் கொடுங்க.

— …குடிடா. குடி. பாருங்க, இழுக்கறான் பாருங்க, எவ்வளவு வேகமா…

— எடுங்க! பாட்டிலை எடுங்க, தூக்குங்க அவனை. நிமிர்த்துங்க. முதுகுல கை வைங்க, தட்ட வேண்டாம், முன்னாடி சாய்ச்சுப் பிடிங்க. ஆ… வரட்டும், வரட்டும். இருமுறான், நல்லது. இருமட்டும்.

— ஐயோ, மூக்கு வழியா வருதே.

— வந்தா பரவாயில்ல, வெளிய வருதுல்ல. இப்ப அழறான். அழுதா மூச்சு ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். பெரியம்மா, கைக்குட்டை.

— தினமும் இப்படித்தான் டாக்டரம்மா. தினமும் எனக்கு உயிர் போயி உயிர் வருது. தூக்கிட்டு என் வீட்டுக்குப் போயிடறேன்னு சொன்னா கதவை மறிச்சு நிக்கறான்.

— தூக்கிட்டுப் போயி? உங்க தையல் மெஷின் சத்தத்துல வளப்பீங்களா?

— வயிறு நிறைய வளப்பேன்!

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அந்தப் பாட்டிலை இங்க கொடுங்க. …கவுத்துப் பிடிச்சா சொட்டுச் சொட்டா விழணும். இது குழாய் திறந்த மாதிரி ஊத்துது. இந்த ரப்பர் துளையை யாரு பெருசாக்கினது?

— நான்தான். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு குத்து. அவன் உறிஞ்சி உறிஞ்சிக் களைச்சுப் போறான், பால் வரலை. வழி அடைச்சிருந்தா வழியைப் பெருசாக்கறதுதானே? லிஃப்ட் ரிப்பேர்ல இருபது வருஷமா எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான்.

— ஓ, அதுக்குத்தான் என்கிட்ட பெரிய ஊசி ஒண்ணு வேணும்னு வாங்கினியா? பட்டன் தைக்கப் போறான், பரவாயில்ல, புத்தி வந்துடுச்சேன்னு நினைச்சேன் நான்!

— அவனுக்கு வழி அடைக்கலை சார். அவன் தலை அந்தப் பக்கம் முறுக்கிட்டு இருக்கு, அதனால விழுங்க வரலை. நீங்க வேகத்தைக் கூட்டிட்டீங்க. விழுங்கத் தெரியாத வாயில வெள்ளம் வந்தா என்ன பண்ணுவான்? அவனால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டுதான் இருக்கான்.

— முறுக்கிட்டு எல்லாம் இல்ல. அவன் அந்தப் பக்கம் பாக்கறான். பாக்கறதுக்கும் முறுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

— சரி. நீங்க படுங்க.

— என்னது?

— கட்டில்ல மல்லாந்து படுங்க. தலையை வலது பக்கம், முழுசா, கன்னம் மெத்தையில படற மாதிரி திருப்புங்க. பெரியம்மா ஒரு டம்ளர் தண்ணி கொடுப்பாங்க. குடிச்சுக் காட்டுங்க. குடிச்சுட்டீங்கன்னா நான் பையைத் தூக்கிட்டுப் போயிடறேன்.

— சின்னப்பிள்ளை விளையாட்டா இருக்கு.

— பயமா தம்பி?

— கொடுங்க அக்கா டம்ளரை. …இந்தா, திருப்பிட்டேன். இப்ப என்ன, குடிக்க வேண்டியதுதானே…

— குடி தம்பி.

— கொஞ்சம் நிறையவே ஊத்துங்க பெரியம்மா, அவர் வேகமா வரணும்னு ஆசைப்படறவர்.

— ஊத்தறேன் ஊத்தறேன்.

— க்… க்ஹ்… அக்கா! போது… க்ஹ்…

— எழுந்திருங்க. இருமுங்க. நல்லா இருமுங்க சார். காதுக்குள்ள போச்சா?

— மூக்குல… ஏறிடுச்சு.

— சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன் தம்பி, முடியலை. இந்த வீட்டுல சிரிச்சு ரெண்டு மாசமாச்சு.

— சிரிங்க. நல்லா சிரிங்க. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் மூக்குல தண்ணி ஏறினா உலகத்துக்கே சிரிப்புதான்.

— எனக்கு இதுல சந்தோஷம் இல்ல சார். உங்களுக்கு ஒரு டம்ளர், எழுந்து உக்காந்துட்டீங்க. இவனுக்கு ஒவ்வொரு வேளையும் அது. அதான் பாட்டிலைப் பாத்தாலே விறைச்சுக்கறான், முதுகை வில்லு மாதிரி வளைக்கறான். அது அடம் இல்ல, பயம். இப்ப அவனைத் தொடலாமா? கை கழுவிட்டேன். கை சூடாவும் இருக்கு, வேணும்னா தொட்டுப் பாத்துக்கங்க.

— தலையை இழுத்துத் திருப்பினீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்.

— தலையைத் திருப்பவே மாட்டேன். முதலாளி, வணக்கம். உங்க கழுத்துல ஒரு விரல் வைக்கறேன், அனுமதி உண்டா? …உண்டு. பெரியம்மா, இவன் சட்டை எப்பவும் ஒரு தோள்ல இருந்து நழுவுமா?

— ஆமா! நானே தைச்ச சட்டை. எத்தனை தடவை பிரிச்சுத் தைச்சேன். அளவு எடுத்தது தப்போ, துணி இழுத்துக்குதோன்னு பாத்தேன். இடது தோள் மேல ஏறியே நிக்குது.

— துணி சரியாதான் இருக்கு. இடது காது தோளை நோக்கிச் சாயுது, முகம் வலது பக்கம் போகுது. சார், இங்க விரலை வைங்க. இடது பக்கக் கழுத்துல. அழுத்தாதீங்க. ஒரு பட்டாணி மாதிரி தட்டுப்படுதா?

— …ஆமா. இது என்ன? கட்டியா?

— பயப்படற கட்டி இல்ல. கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகி, சுருங்கி இருக்கு. அதான் தலை அந்தப் பக்கமே போகுது. வயித்துக்குள்ள எப்படிக் கிடந்தானோ, எப்படி வெளிய வந்தானோ, சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும். நாம ஒழுங்கா வேலை செஞ்சா பெரும்பாலும் சரியாயிடும். ஆஸ்பத்திரியில ஒரு ஸ்கேனும் பாத்துக்கலாம்.

— நில்லுங்க. அப்ப அவன் அவளைத் தேடலைன்னு சொல்றீங்களா?

— அவனுக்குக் கழுத்து திரும்பலைன்னு சொல்றேன்.

— ரெண்டும் ஒண்ணுதான்! ஒண்ணேதான் மேடம்! அவ போன அன்னைக்கு ரூம் நிறைய ஆளு. எல்லாரும் அழறோம். இவன் மட்டும் அழலை. அவ படுத்திருந்த பக்கமே பாத்துட்டுக் கிடந்தான். அவளைத் தூக்கிட்டுப் போன பிறகும் பாத்துட்டே கிடந்தான். இந்த வீட்டுல அவளை மறக்காத ஆளு நானும் அவனும்தான். அதைப் போயி தசைங்கறீங்க, பட்டாணிங்கறீங்க. அவளைக் கொன்னதும் வெறும் கால் வலி, இவன் பாக்கறதும் வெறும் கழுத்து வலி. எல்லாத்துக்கும் உங்ககிட்ட ஒரு பேரு இருக்கு இல்ல?

— அவளை மறந்துட்டேன்னு என்னைச் சொல்றியா தம்பி?

— அவ துணியை எல்லாம் மூட்டை கட்டினது யாரு?

— நீ தினமும் அதுல முகத்தைப் புதைச்சுட்டுக் கிடந்தே, பிள்ளை ஈரத்துல கிடந்துச்சு. கட்டினேன். இன்னமும் கட்டுவேன்.

— சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். இல்ல, இப்பவே போடுங்க, ஆனா உக்காந்து போடுங்க. சார், அந்த நாற்காலியில உக்காருங்க. பாதத்தைக் கீழ ஏதாவது ஒரு பலகை மேல தூக்கி வைங்க, முட்டி உயரமா வரட்டும்.

— எதுக்கு?

— அவன் பசியில இருக்கான். நீங்க கத்தற கத்தலுக்கு அவன் காத்திருக்க மாட்டான். இந்தாங்க, புது ரப்பர், மெதுவா வர்ற துளை. இதுல ஊசி போட்டீங்கன்னா உங்க கையிலயும் ஒரு ஊசி போட்டுட்டுப் போவேன். பெரியம்மா, பாலை மாத்தி ஊத்துங்க.

— இதோ.

— இப்ப அவனைத் தொடை மேல படுக்க வைங்க. மல்லாக்க வேண்டாம், ஒருக்களிச்சு. தலை முட்டிப் பக்கம், கால் உங்க வயித்துப் பக்கம். இல்ல இல்ல, தலையைத் திருப்பாதீங்க. உடம்பைத் திருப்புங்க, தலை அதுவா கூட வரும். ஆங். காது, தோள், இடுப்பு மூணும் ஒரு கோட்டுல. தாடை கொஞ்சம் நெஞ்சை நோக்கி. ரெண்டு கையையும் முன்னாடி சேர்த்து விடுங்க, அவன் கையை அவனே பிடிச்சுக்கட்டும்.

— விறைக்கறான்.

— விறைப்பான். அவனுக்கு இன்னும் உங்க மேல நம்பிக்கை வரலை. கழுத்துக்குப் பின்னாடி கையை முழுசா விரிச்சு வைங்க. தேய்க்க வேண்டாம். சும்மா வெச்சா போதும். பேசுங்க.

— என்ன பேச?

— இவ்வளவு நேரம் பேசினதைப் பேசுங்க.

— இவ்வளவு நேரம் உங்களைத் திட்டிட்டு இருந்தேன்.

— திட்டுங்க. அவனுக்கு அர்த்தம் தெரியாது. உங்க குரல் தெரியும். பாருங்க, கத்தறதை நீங்க நிறுத்தினதும்தான் அவன் சிணுங்கறான்.

— திட்டச் சொன்னா எப்படி வரும்?

— அப்ப நான் எடுத்துக் கொடுக்கறேன். எங்க ஆஸ்பத்திரில நல்ல டாக்டருங்க இருக்காங்க சார், பாவம் அவங்களுக்கும் வேலை அதிகம்…

— வேலை அதிகமா? வேலை அதிகம்னா கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியாதா? நான் காட்டினேன் மேடம். ரெண்டு காலையும் பக்கத்துல வெச்சுக் காட்டினேன், பாருங்க, ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி இருக்குன்னு. என்கிட்ட ஒருத்தன் லிஃப்ட்டுல ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னா நான் ஏறிப் பாப்பேன். பாத்துட்டுதான் ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன். இவங்க தொட்டுக்கூடப் பாக்கலை. அவ செருப்பைக்கூடக் கழட்டச் சொல்லலை…

— பாட்டிலை வாயில வைங்க. பேசிட்டே. கிடையா பிடிங்க, உயர்த்தாதீங்க.

— …செருப்பைக்கூடக் கழட்டச் சொல்லலை. அவ எனக்குச் சமாதானம் சொல்றா, வரிசையில பின்னாடி நிறைய பேர் நிக்கறாங்க, வாங்க போலாம்னு. அந்த நேரத்துலயும் மத்தவங்களுக்கு… மேடம், நிறுத்திட்டான்.

— நிறுத்தட்டும். மூச்சு வாங்கறான். பாட்டிலைக் கொஞ்சம் கீழ சாய்ங்க, வாயில இருந்து எடுக்க வேண்டாம். அவன் மறுபடி இழுத்தா பாட்டிலைப் பழையபடி பிடிங்க. அவன்தான் முதலாளி, ஞாபகம் இருக்கட்டும். நீங்க ஏன் நிறுத்தினீங்க?

— அந்த ஆளு, என்னைப் பாத்து, நெட்டுல எதையாவது படிச்சுட்டு வந்து பயமுறுத்தாதீங்கன்னு சொன்னான். நான் எங்க படிச்சேன்? என் கண்ணு சொல்லுச்சு. அன்னைக்கு நான் கத்தியிருக்கணும். இன்னைக்கு உங்ககிட்ட கத்தற கத்தல்ல பாதி அன்னைக்குக் கத்தியிருந்தா மேடம்…

— கத்தியிருந்தா காவலாளியைக் கூப்பிட்டிருப்பான் தம்பி. உன் மேல போட்டுக்காதே அதை. அது அவன் மேலதான் நிக்கணும். நான் போய் அவனைப் பாக்கத்தான் போறேன் ஒரு நாள். கத்திரிக்கோலோட.

— நீங்க வேற அக்கா.

— ஏன், நான் போக மாட்டேனா? என் தங்கச்சி.

— …குடிக்கறான். வழியவே இல்ல. மேடம், வழியலை.

— உஷ். சொல்லிக் காட்டாதீங்க, முதலாளிக்குக் கண்ணு பட்டுடும். திட்டைத் தொடருங்க.

— மறந்து போச்சு எங்க விட்டேன்னு.

— கத்திரிக்கோல்ல.

— அது அக்கா திட்டு.

— யாரு திட்டா இருந்தா என்ன? பெரியம்மா, அவன் கையைப் பாருங்க. முஷ்டி பிரிஞ்சுடுச்சு. வயிறு இளகுது. இப்படித்தான் இருக்கணும். ஒவ்வொரு வேளையும் இப்படி. குடிச்ச பிறகு கொஞ்ச நேரம் நிமிர்த்தி வெச்சுக்கங்க. முழிச்சிருக்கும்போது உங்க நெஞ்சு மேல குப்புறப் போட்டுக்கங்க, சாய்ஞ்சு உக்காந்து. முதல்ல கத்துவான். உங்களை மாதிரிதான், கத்திட்டு அடங்கிடுவான்.

— நாளன்னைக்கு எடை?

— ஒரு வேளைப் பாலை வெச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன் சார். ஆனா நானும் வர்றேன். தராசுப் பக்கத்துல நிப்பேன். குழாய்னு யாராவது வாயைத் திறந்தா, முதல்ல இவன் குடிக்கிறதைப் பாருங்கன்னு நான் சொல்றேன். கேக்கலைன்னா நீங்க கத்துங்க. நானே பக்கத்துல நின்னு கத்தறேன்.

— உங்க வேலை போயிடும்.

— போகட்டும், லிஃப்ட் துடைக்க வர்றேன்.

— டாக்டரம்மா, தம்பி… இங்க பாருங்க. பாட்டில் காலி.

— …காலியா?

— அடியில நுரைதான் இருக்கு. ஒரு சொட்டு இல்ல. என் ராஜா! என் தங்கமே!

— அக்கா, அழாதீங்க, அவன் பயந்துடப் போறான்.

— நீ மட்டும் என்ன பண்றியாம்?

— தோள்ல சாய்ச்சு ஏப்பம் வரட்டும். …வந்துடுச்சு. பெரிய மனுஷன் ஏப்பம். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். …ம், போதும். கண்ணு சொருகுது, கட்டில்ல மல்லாக்க விடுங்க. தூங்கும்போது எப்பவும் மல்லாக்கத்தான். ஒண்ணும் பக்கத்துல வேண்டாம்.

— விட்டுட்டேன். …பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்? படுக்க வெச்ச உடனே அந்தப் பக்கம். வயிறு நிறைஞ்சதும் அவளைத்தான் தேடுறான். இப்பவும் கழுத்துதான்னு சொல்லுவீங்களா?

— ஒரு நாள்ல தசை இளகாது சார். மாசக்கணக்குல வேலை இருக்கு. இனிமே நீங்க அவனோட இடது பக்கம் இருக்கணும். விளக்கு, குரல், விளையாட்டு, எல்லாம் இடது பக்கம் இருந்து வரணும். சுவர்ப் பக்கம் ஒண்ணும் இருக்கக் கூடாது.

— சுவர்ப் பக்கம் அவ படுத்த பக்கம்! அதைக் காலி பண்ணச் சொல்றீங்களா? மாட்டேன். குடிக்க வெச்சீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா அவகிட்ட இருந்து அவன் முகத்தைத் திருப்பற வேலையை நான் செய்ய மாட்டேன். பெத்த தகப்பன் செய்யற வேலையா அது?

— தம்பி, ஒண்ணு கேக்கறேன். கோவப்படாம பதில் சொல்லு. அவ முன்னாடி எந்தப் பக்கம் படுப்பா? பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி.

— கதவுப் பக்கம். காத்து வரும்னு. ஏன்?

— அப்புறம் ஏன் சுவர் ஓரம் போனா?

— எனக்கென்ன தெரியும்? நானும் கேட்டேன். சுவர் அனல் அடிக்குது, கால் வேற வீங்கியிருக்கு, எழுந்து வர்றதுக்குக் கஷ்டம், இந்தப் பக்கம் வந்து படுன்னு சொன்னேன். இல்ல இங்கதான்னு பிடிவாதம். புழுங்கிப் போயி, ஃபேனைக் கூட்டுங்க, குறைங்கன்னு…

— நீ வேலைக்குப் போயிருக்கும்போது அவ இந்த நாற்காலியில, இவனுக்கு இடது பக்கமா உக்காந்து கூப்பிடுவா. இவன் சுவரைப் பாப்பான். முதலாளி, முதலாளின்னு கையைத் தட்டுவா. சுவரைத்தான் பாப்பான். சுவருக்கு என்னடா கண்ணும் மூக்கும் இருக்கு, பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம். அது கழுத்துன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் எழுந்து, அந்த வீங்கின காலை இழுத்துட்டு, கட்டிலைச் சுத்திப் போனா. அவன் அவளைப் பாக்கலை தம்பி. அவன் பாக்கற இடத்துல போயி அவ படுத்துக்கிட்டா.

— சார், தண்ணி வேணுமா? நிமிர்ந்து உக்காந்தே குடிக்கலாம்.

— வேண்டாம். …எந்தப் பக்கம்னீங்க?

— அவனோட இடது பக்கம். இங்க, இந்த நாற்காலியில. முகத்தை அவன் முகத்துக்கு நேரா தாழ்த்திக்கங்க. கையால திருப்பாதீங்க. கூப்பிடுங்க.

— முதலாளி. டேய். இங்க. அப்பா இங்க இருக்கேன்டா. …டேய். அந்தப் பக்கம் யாரும் இல்லடா.